ஐந்தாம் எண் வீட்டின் பின்சுவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ இரண்டு கேலி சொல்கிறாய். நானும் சிரித்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்பது உறைக்கிறது. போன வாரம் முக்கால் மணி நேரம் பேசினோம். அண்ணி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டதும், உன் முகத்தை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்துவிட்டு அன்று முழுக்க வருத்தமாக இருந்ததும் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை. ஆகையால் வீட்டு விஷயம் முடியும்வரை எழுத்தில்தான் பேச்சு. நீயும் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊர் மருத்துவமனைக்கு எனக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. மே மாதக் கடைசியில் வந்து சேர வேண்டும். அதற்குள் வீடு வாங்கியாக வேண்டும். வாடகைக்குப் போகக்கூடாதா என்று கேட்காதே, விசாரித்துவிட்டேன். நல்ல பள்ளிகள் எல்லாமே தங்கள் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் சேர்க்கின்றன. வாடகைக்காரர்கள் என்றால் இரண்டு ஆண்டு அங்கேயே இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். சொந்த வீடு என்றால் பத்திரம் போதும்.

உன் மருமகள் பட்டாணி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இங்கே இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே ஆசிரியை பாடம் எடுக்கிறார். போன ஆண்டு ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது, முடியை வெட்டினால் ஏன் வலிக்கவில்லை என்று கேட்டு என் உயிரை எடுத்தாள். இப்போது மணி என்ன என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. என் பயம் அதுதான்.

மூன்று பகுதிகளைக் கட்டம் போட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மேடு, தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொன்றிலும் பள்ளியின் தேர்ச்சி எவ்வளவு, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், ஐந்து ஆண்டில் வீட்டு விலை எவ்வளவு ஏறியது என்று எல்லாம் இருக்கிறது. இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு மாதம் ஒரு வாரம்தான் வீட்டில் இருக்கிறார். யோசிப்பதெல்லாம் நான்தான். பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பும் இருபது ஆண்டுக் கடனும் ஒரே வீட்டுக்குள் போகப் போகிறது. தவறினால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடையாது.

நீ பெயின்டர். எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வருகிறாய். கண்ணால் பார்த்ததைச் சொல். கேலி வேண்டாம்.

உன் தங்கை

*

ஜனவரி 17

அன்புள்ள ஊசிக்கு,

ஊருக்கெல்லாம் நீ நர்ஸம்மா, எனக்கு ஊசிதான். குத்தாமல் உன்னால் இருக்க முடியாது. கேலி வேண்டாம் என்று எழுதிவிட்டாய். மீன்காரரிடம் போய் வாசனை வேண்டாம் என்கிற மாதிரி இருக்கிறது.

நான் பேனாவைப் பிடித்ததும் உன் அண்ணி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பெயின்ட் டின் எண்கள்தான். பிழை இருந்தால் மேலே ஒரு கை பூசிக்கொள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் நிலையைச் சுற்றி முடி அளவுக்கு விரிசல் விடுகிறது. வருடா வருடம் என்னைக் கூப்பிடுகிறார்கள், எனக்கு நல்ல இடம், உனக்கு இல்லை. பள்ளிக்கூடம் பெரிது. ஆனால் போன தடவை ஏணி கொண்டுபோனபோது ஒரு வகுப்பில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள், வாத்தியார் இல்லை. என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நானும் உட்காரச் சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விலை ஏறுகிறதென்றால் புது ரோடு வரப்போகிறது என்கிற பேச்சால் ஏறுகிறது. என் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து அந்த ரோடு வந்துகொண்டிருக்கிறது.

மேடு நல்ல இடம்தான். வீட்டு வாசலில் இல்லை, கேட்டிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரைப் போன விடுமுறையில் பதினோரு நாள் அடித்தேன். விடுமுறையிலும் புத்தக அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, பூட்டவில்லை. அவர்களாகவே வருகிறார்களாம். எனக்கு அது ஏதோ நோய் என்று தோன்றியது, நீதான் நர்ஸ், பார்த்துச் சொல்.

உன் கட்டத்தில் எங்கள் பகுதியைத் தேடினேன். இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. டிப்போவுக்குப் பின்னால் மனிதர்கள் குடியிருப்பது உனக்கு மறந்துபோயிருக்கும். எங்கள் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது. மேட்டில் கேட்பதில் பாதி. பெயின்ட் என் செலவு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டால் பட்டாணி தெருவுக்கு வராமலே மாமா வீட்டுக்கு வந்துவிடலாம். அளவுகூட எடுத்துவிட்டேன். உன் அண்ணி எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்று கேட்கிறாள்.

உன் அண்ணன்

*

ஜனவரி 26

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். பட்டாணி சிரித்தாள். அதற்கு நன்றி.

பக்கத்து வீடு வேண்டாம். ஏன் என்று உனக்கே தெரியும், என்னை எழுத வைக்கிறாய். டிப்போவுக்குப் பின்னால் ஐந்து ஆண்டில் விலை ஒரு விரற்கடை நகரவில்லை. அது போகட்டும். அங்கே இருக்கிற ஒரே பள்ளியில் உன் பையன் படித்தான். கணக்கில் எத்தனை முறை எழுதினான், கடைசியில் என்ன ஆனான் என்பதெல்லாம் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் பெண்ணை அந்தப் படியில் ஏற்ற எனக்கு மனமில்லை. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மேட்டில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. பள்ளிக்குப் பின்தெருவில் ஐந்தாம் எண். கண்ணாடிக் கடை வைத்திருந்த பெரியவருடையது. எல்லைக்குள் எங்கள் கைக்கு எட்டுகிற வீடு இது ஒன்றுதான், மற்றவை எல்லாம் இதைப்போல ஒன்றரை மடங்கு. தரகர் படங்கள் அனுப்பினார். பின்னறை ஜன்னலைத் திறந்தால் மூடிய வாய்க்கால், அதைத் தாண்டினால் பள்ளி மைதானம். அறை முழுக்க இளமஞ்சள். அந்தச் சுவர் ஓரமாகப் பட்டாணியின் மேசையைப் போடுவதாக மனசுக்குள் போட்டும்விட்டேன்.

தரகருக்கு உன்னைத் தெரியுமாம். உன் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "அட, அவரு நம்ம ஆளும்மா. நீங்க அவருகிட்டயே கேட்டுக்கோங்க" என்றார். எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

போய்ப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் எழுது.

உன் தங்கை

*

பிப்ரவரி 8

அன்புள்ள ஊசிக்கு,

பதில் தாமதம். கையில் பெயின்ட் இருந்தது, பேனா வழுக்கியது என்று வைத்துக்கொள்.

ஐந்தாம் எண் வீட்டைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான வீடுதான். ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னாய், எனக்குத் தெரிந்ததே நாலு வார்த்தை, அதில் எதைப் பொறுக்குவது?

கேட் கிறீச்சிடுகிறது. மாப்பிள்ளை நேரம் கழித்து வந்தால் தெருவுக்கே தெரியும். எதிர் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. வரிசையாக, வெள்ளையாக, என் பல்லைவிட நல்ல பல். அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். மாடிப்படி பன்னிரண்டு, உன் முழங்காலை நினைத்துப் பார். பள்ளிக்கூட மணி பக்கத்திலேயே அடிக்கும், ஓய்வு நாளில் தூங்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் புல்லாங்குழல் பழகுகிறார். மூன்று வருடமாகப் பழகுகிறாராம்.

தரகர் கூடவே வந்தார். என் தோளில் கை போட்டுக்கொண்டே அறை அறையாகச் சுற்றினார். பத்து வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. சட்டையில் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளியே நிற்கிற மனிதர். "உங்க தங்கச்சி குடும்பம் நல்லா இருக்கணும்னு எனக்கு அக்கறை இருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அவசரப்படாதே. இன்னும் ஒன்றிரண்டு வீடு பார்க்கலாம். பையனைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் நன்றாக இருக்கிறான். டெலிவரி வண்டி ஓட்டுகிறான், ஊரில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது.

பக்கத்து வீட்டை இன்னும் யாரும் வாங்கவில்லை. சும்மா சொன்னேன்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 15

அண்ணா,

கேட், நாய், அடுப்படி, மாடிப்படி, மணி, புல்லாங்குழல். ஆறு காரணம் எழுதினாய். ஒன்றாவது காரணமா? கேலி வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒரு வார்த்தை கேட்டேன். அதற்கு நீ எனக்கு நாயின் பல்லைக் காட்டுகிறாய்.

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. எல்லாரும் உன் சுவருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், யாரும் மேலே போய்விடக் கூடாது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நர்ஸ் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே "இல்லைன்னு எழுதிட்டாங்க" என்று சொன்னாயே. பத்து நிமிடம் அழுதேன். பிறகு எடுத்துக் கொடுத்துவிட்டு நீ சிரித்தாய். உனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

நேற்று இவர் தரகரிடம் முன்பணம் கட்டிவிட்டார். மார்ச் இருபதாம் தேதி மீதியைக் கொடுத்துப் பத்திரம். மார்ச் கடைசியில் பள்ளிச் சேர்க்கை முடிகிறது. இதற்கு மேல் வேறு வீடு தேட எனக்கு நாளும் இல்லை, தெம்பும் இல்லை. வார்டில் மருந்து அட்டையை இரண்டு முறை, மூன்று முறை பார்க்கிறேன். கை செய்கிறது, மனசு அந்தத் தெருவில் நிற்கிறது.

இனி நீ ஒன்றும் பார்க்க வேண்டாம்.

தங்கை

*

பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

முன்பணம் கட்டியது தெரிந்தது. போன கடிதத்திலேயே நான் இதை எழுதியிருக்க வேண்டும்.

அந்த வீட்டின் பின்னறைச் சுவரில் ஈரம் இருக்கிறது. பின்னால் ஓடுகிற வாய்க்காலிலிருந்து அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது. இடுப்பு உயரம் வரை. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை மறைத்தவன் நான். போன நவம்பரில் ஒன்பது நாள் வேலை. சுரண்டி, விளக்குப் போட்டுக் காய வைத்து, ஈரம் தடுக்கிற பூச்சு ஒரு கை, அதன் மேல் வழவழப்புக்கு மூன்று முறை பட்டி மாவு, அதன் மேல் இளமஞ்சள் இரண்டு கை. ஒரு மழைக்காலம் தாங்கும். விற்பதற்கு அது போதும்.

விற்கப் போகிற வீட்டுக்கு இப்படி அடிப்பதை நாங்கள் பவுடர் போடுவது என்போம். என் வேலையில் பாதி அதுதான். எல்லாம் அந்தத் தரகர் அனுப்புகிற வேலை. சுவருக்குள் எதைப் பார்த்தாலும் வெளியே சொல்லக் கூடாது, அதுதான் பேச்சு. அந்த நம்பிக்கையில்தான் என்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லி உன்னை அனுப்பினார். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாங்குகிறவர் யார் என்று நின்று பார்த்ததும் இல்லை.

மீதிப் பணத்தைக் கொடுக்காதே.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அண்ணா,

மூன்று முறை படித்தேன். ஒரு கேலிகூட இல்லை.

இவர் இந்த வாரம் வீட்டில் இருக்கிறார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையில் வைத்தார். "உங்க அண்ணன் நடுச்சுவத்துல கதவு வைக்க அளவெடுத்து வச்சிருக்காரு. நாய் வேலைக்காகல, இப்ப ஈரம். அடுத்தது பேய் வரும்" என்றார். நான் உனக்காகப் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் சந்தேகம் வந்தது. அதுதான் உண்மை. நீ கேலி இல்லாமல் எழுதியதாலேயே நம்புகிறேன், பத்து நிமிடம் கழித்து நம்பாமல் போகிறேன்.

ஈரமான அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள் என்று தினமும் தாய்மார்களிடம் சொல்கிறவள் நான். இப்போது நாங்கள் பின்வாங்கினால் முன்பணம் போகும். அதைவிட, பள்ளி போகும். பின்வாங்காவிட்டால் இருபது ஆண்டுக்குக் கடன் கட்டி ஒரு நனைந்த சுவரை வாங்குகிறோம். பிறகு விற்கப் போனால் நாங்களும் உன்னைப்போல ஒருவரைத் தேட வேண்டும்.

நாயின் பல்லுக்கு இடம் இருந்த கடிதத்தில் இதற்கு ஏன் இடமில்லை? அதை என்னால் விழுங்க முடியவில்லை.

இவர் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டு. பேச்சு போதும். எனக்கும் ஏதாவது காட்டு.

தங்கை

*

மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கவருக்குள் ஒரு துண்டு இருக்கிறது. உடைந்துவிடாமல் எடு. அதைப் பற்றிப் பிறகு.

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் எண்ணுக்குப் போனேன். பெரியவரும் இருந்தார், தரகரையும் வரச் சொல்லியிருந்தேன். பத்திரத்துக்கு முன்னால் பின்னறையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்று சொல்லித்தான் வரவழைத்தேன். அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பட்டித் தகட்டைப் பையிலிருந்து எடுத்துச் சுவரில் கீழேயிருந்து செருகினேன். ஒரு தள்ளுத்தான். ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு, அதன் மேல் உப்பு. நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. என் வேலையின் லட்சணம் அவ்வளவுதான்.

தரகர் கத்தவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நாளைக்கு எந்த வீட்டுக்காரன் உன்னை உள்ள விடுவான்னு யோசிச்சியா?" என்று கேட்டார்.

"யோசிச்சேன் சார். பத்து நாளா அதைத்தான் யோசிச்சேன்" என்றேன்.

இனி வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. போனில் என் பெயரை அங்கேயே நின்று அழித்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, எந்தப் பொத்தான் என்று தேடினார். நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் வாங்கினப்பவும் இப்படித்தான் பளிச்சுன்னு நீலமா இருந்துச்சு. எனக்கு யாரும் சொல்லல" என்றார். அவரும் பள்ளிக்கூடத்துக்காகத்தான் வந்தாராம். இரண்டு பிள்ளைகளையும் அங்கே படிக்க வைத்தார். முன்னறையில் எல்லாரும் படுத்துக்கொண்டு பின்னறையைச் சாமான் போட வைத்துக்கொண்டார்களாம். இரண்டு பேரும் இப்போது நல்ல வேலையில் இருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் தலையை நிமிர்த்தினார்.

இப்போது அந்தத் துண்டைப் பக்கவாட்டில் பார். மேலே மஞ்சள், என்னுடையது. அதற்குக் கீழே நீலம், பிறகு பச்சை, பிறகு ரோஸ், பிறகு ஒரு வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் பட்டி. ஐந்து குடும்பம் அந்தப் பள்ளிக்கூடத்துக்காக வந்து, பிள்ளை படித்து முடித்ததும் பவுடர் போட்டு அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. மாப்பிள்ளையிடம் காட்டு. இதை என்னால் நடிக்க முடியாது.

பெரியவர் இரண்டு வழி சொல்கிறார். முன்பணத்தை அப்படியே திருப்பித் தருகிறார். இல்லையென்றால் பின்பக்கம் தோண்டி அஸ்திவாரத்துக்குத் தடுப்புப் போட ஆகிற செலவை விலையில் குறைக்கிறார். கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சரியாகும் என்கிறார். நிச்சயமாகவா என்றேன். ஒரு மழை போன பிறகு சொல்கிறேன் என்றார்.

ஏன் முதலில் எழுதவில்லை என்று கேட்டாய். சொன்னால் நீ பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. ஆசை இருக்கிறவன் சொன்னால் பொய் மாதிரிதானே இருக்கும் என்று பயந்தேன். வேலை போய்விடும் என்கிற பயம் அதற்கு முன்னால் நின்றது. பிறகு நாய்தான் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது.

இன்னொன்று. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எழுதியது சரி. இரண்டு வருடம் கணக்கு வாத்தியாரே வரவில்லை. பிள்ளைக்காகத் தெருவையே மாற்றலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. வீடு என்றால் ஒழுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பையன் இப்போது டெலிவரி ரசீதில் கூட்டல் போடும்போது எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறான். விரல் விடுவது எனக்குத் தெரியக் கூடாதாம்.

நீ என்ன முடிவு செய்தாலும் எழுது.

அண்ணன்

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

துண்டு உடையாமல் வந்தது. பத்திர வேலைக்காக விடுப்பில் வந்திருக்கிற இவர் அதை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் நிறம் நிறமாகப் பிரித்தார். கடைசியில் "உங்க அண்ணனுக்கு இனிமே வேலை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான்கு நாள் எங்களுக்குள் சண்டை. பிறகு முடிவு செய்தோம். ஐந்தாம் எண்ணையே வாங்குகிறோம்.

பைத்தியமா என்று கேட்காதே. நான் முதலில் இருந்தே வாங்க நினைத்தது அந்தச் சுவரை இல்லை, அந்தத் தெருவில் ஒரு முகவரியை. அந்தப் பெரியவர் பின்னறையை விட்டுக்கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார் என்றால் நானும் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பேன். மேசை முன்னறையில் இருக்கட்டும். ஆனால் ஆறாவது நிறமாக நான் இருக்க மாட்டேன்.

குறைகிற பணத்தை நீ சொன்ன கொத்தனாரிடம் கொடு. உள்பக்கப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல்வரை. அதன் மேல் எதுவும் பூசாதே. பட்டி வேண்டாம், பெயின்ட் வேண்டாம். ஈரம் வந்தால் வந்த அன்றே என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு நாங்கள் விற்றாலும் வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டும். விலை குறையும் என்று இவர் சொல்கிறார். குறையும்தான். என் கட்டத்தில் விலை ஏற்றம் எழுதிய அந்தக் கடைசிப் பத்தியை அடித்துவிட்டேன்.

வேலைக்கு உனக்கு நாள் கூலி உண்டு. வேண்டாம் என்று எழுதினால் வேறு ஆளை வைப்பேன்.

உன் பையனைப் பற்றி நான் எழுதியதை அழிக்க வழியில்லை. தபாலில் போட்டாயிற்று. அவன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். காட்டியிருந்தால் எனக்கு எழுது.

உன் தங்கை

*

மே 11

அன்புள்ள ஊசிக்கு,

காட்டவில்லை. அவனுக்கு உன்னைப் பிடிக்கும், அப்படியே இருக்கட்டும். நீங்கள் வருகிற அன்று சாமான் ஏற்ற அவன் வண்டியைத்தான் கொண்டுவரப் போகிறான்.

எழுத நாளானதற்கு வேலைதான் காரணம் என்று எழுதினால் உன் அண்ணி சிரிப்பாள். உன் வேலை முடிந்த பிறகு மூன்று வாரமாக எங்கேயும் கூப்பிடவில்லை. வருமானம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வாளாம், நான் நாள் முழுக்க வீட்டில் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லையாம். நேற்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். வாங்கி வந்ததும் அதையே மாற்றி வரச் சொல்லித் திரும்ப அனுப்பினாள். என் கதை தெரியாதவர்கள் வீட்டில் வேலை தேடி அலைந்துகொண்டிருக்கிறேன். தரகர் எதிரில் வந்தால் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போகிறார்.

நீ அனுப்பிய பத்திர நகலை நானேதான் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன் என்று போனில் உன் அண்ணி சொல்லியிருப்பாள். சேர்க்கைச் சீட்டு வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டாணியின் பெயர், ஆறாம் வகுப்பு, கீழே அந்த முகவரி. கிளார்க் நாலு தடவை சரிபார்த்தார். நான் ஐந்து தடவை.

சுவர் நீ சொன்னபடியே. கொத்தி எடுத்ததில் இருபத்தெட்டு மூட்டை போனது. பின்பக்கம் ஆள் உயரம் தோண்டித் தடுப்புப் போட்டு மூடினோம். உள்ளே வெறும் செங்கல். பெயின்டர் தங்கச்சி வீட்டில் பெயின்ட் இல்லாத சுவர். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பணம் தீர்ந்துபோச்சா என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கும் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஒருநாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய், சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

முந்தாநாள் மழை. இந்த வருடத்தில் முதல் பெரிய மழை. இரண்டு நாள் விடவில்லை. இன்று காலை விட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்கால் மூடியைத் தூக்குகிற அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கை வைத்துப் பார்த்தேன். கீழ்வரிசை, அதற்கு மேல்வரிசை, அதற்கும் மேல். மதியம் ஆகிவிட்டது. எல்லாம் காய்ந்திருந்தது. சந்தோஷப்பட்டு எழுந்திருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே இடது மூலையில் ஒரு கல் குளிர்ந்தது. திரும்பக் கை வைத்தேன். ஈரம்தான். ஒரே ஒரு கல்.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய ஈரம் வெளியே வருகிறதா, புது ஈரம் உள்ளே வருகிறதா என்று அடுத்த மழையில்தான் தெரியும் என்கிறார். எனக்கும் தெரியவில்லை.

பட்டி டப்பா வெளியே வண்டியில்தான் இருந்தது. இரண்டு நிமிட வேலை, நீ உன் ஆயுசுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டாய். எடுக்கவில்லை. அந்தக் கல்லைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நீ உள்ளே வந்ததும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்.

உன் அண்ணன்